எண்ணிக்கை நின்ற இடம்

எனக்கு வந்ததை வலி என்று சொல்லவே முதலில் கூச்சமாக இருந்தது. நெஞ்சு வலி என்றால் மனிதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வான் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது அப்படி இல்லை. யாரோ ஈரச் சாக்கை நாலாக மடித்து நெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனது போல ஒரு பாரம். பிறகு இடது தாடையில் ஓர் இழுப்பு. ஐந்து நிமிடம் சும்மா நின்றால் போய்விடும். போன பிறகு, வந்ததா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும். இப்போது உடம்பு தேறி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இருக்கும் ஆட்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் படித்தால் போதும்.

என் பெயர் ஏழுமலை. செஞ்சியில் ஒரு நெல் மண்டியில் இருபத்தாறு வருடமாக லாரியில் ஏறும் மூட்டைகளுக்கு எண்ணிக்கை சொல்கிறேன். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாள் வந்து என் இடத்தில் நின்று பார்க்கட்டும். மின்தராசு வந்துவிட்டது, மூலைக்கு மூலை கேமரா வந்துவிட்டது. ஆனாலும் லாரியில் சரக்கு ஏறும்போது ஓர் ஆள் பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ண வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் பிடிவாதம். எங்களுக்கும் அது இல்லாமல் கை ஓடாது.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்போம். களத்தில் படி வைத்து அளக்கிறவர்களும் அப்படித்தான் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு ரெண்டு, மூணு. ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நடுவில் வாய் சும்மா இருக்கக் கூடாது. அடுத்த ஆள் லாரியில் சாத்திய பலகையில் ஏறி மூட்டையை இறக்கும்வரை அதே எண்ணை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எண் நகராமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் வரிசையில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். சாக்கு கிழிந்திருக்கும், யாருக்காவது கால் வழுக்கியிருக்கும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எண்ணுகிறவன் வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் எண்ணிக்கை தவறும். தவறினால் ஏற்றிய மூட்டை அத்தனையையும் கீழே இறக்கி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அடுக்குக்கு உள்ளே எத்தனை இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதே.

ஒவ்வொரு மூட்டையும் எழுபத்தைந்து கிலோ. இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் என்னால் லோடு இறங்கியது. காதருகே கதண்டுக் குளவி கொட்டி, என்னை மறந்து கத்திவிட்டேன். மேஸ்திரி முருகேசனும் அவனுடைய எட்டு ஆட்களும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எண்பது மூட்டையை இறக்கினார்கள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

போன தை மாதம், நெல் வரத்து தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்த ஒரு நாள், நூற்றுப் பன்னிரண்டாவது மூட்டையில் அந்த ஈரச் சாக்கு என் நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தது. நான் நிறுத்தவில்லை. நூற்றுப் பதிமூன்று என்றேன், பதினான்கு என்றேன். முருகேசனின் ஆட்கள் அந்த வெயிலில் அத்தனையையும் இறக்குவதை நினைத்தால் என் நெஞ்சில் இருந்தது பெரிய பாரமாகவே தெரியவில்லை. லோடு முடிந்ததும் சோடா வாங்கிக் குடித்தேன். ஏப்பம் வந்தது. வாயுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவோடு பன்னிரண்டு நாள் ஓட்டினேன்.

கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி மல்லிகா. சந்தைக்குப் போய்விட்டு இரண்டு பேரும் நடந்து வந்துகொண்டிருந்தோம். நான் ஒரு கடை வாசலில் நின்று, ஒட்டியிருந்த சுவரொட்டியைப் படித்தேன். பத்தடி போய் இன்னொரு கடையில் நின்று, தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குடங்களைப் பார்த்தேன். மூன்றாவது தடவை நின்றதும் அவள் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாயா, நானும் பாக்கறேன், நின்னு நின்னு வர்றே. கொடம் வாங்கப் போறியா நீ?"

"சும்மா பாத்தேன்."

"மூஞ்சி ஏன் இப்டி வேர்த்திருக்குது? எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்ல."

"பொய் சொல்லாத. முப்பது வருசமா உன் மூஞ்சியதான் பாத்துனு இருக்கறேன்."

கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் ஓர் ஆட்டோவில் ஏற்றினாள். கிளினிக்கில் நெஞ்சிலும் கைகாலிலும் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இதயம் அடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்தைக் கோடாகப் போடும் தாள் அது. டாக்டரம்மா அந்தத் தாளை இரண்டு தடவை பார்த்தார். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார். "இன்னைக்கே பாண்டிச்சேரி போயிடுங்க. பஸ்ல போகாதீங்க" என்றார். மல்லிகா அழவில்லை, அங்கேயே என்னைத் திட்ட ஆரம்பித்தாள். அவள் திட்டும்போது எனக்குப் பயம் குறையும், அவளுக்கும் குறையும் போலிருக்கிறது.

முருகேசன் கார் பிடித்துக்கொண்டு வந்தான். அந்த மாத்திரை செய்த வேலையோ, பயமோ, அன்றைய பயணம் முழுவதும் எனக்குப் பாதிக் கனவாகத்தான் நினைவில் இருக்கிறது. வண்டி திரும்பத் திரும்ப ராஜகிரி மலை இந்தப் பக்கக் கண்ணாடியிலிருந்து அந்தப் பக்கக் கண்ணாடிக்கு மெதுவாக நகர்ந்தது. எங்கள் ஊர் மலை எல்லாம் உருண்டைப் பாறைகளின் குவியல். சின்ன வயதிலிருந்தே அவற்றை எண்ணிப் பார்ப்பேன், முடித்ததே இல்லை. அன்றும் லாபம் என்று தொடங்கினேன். பாறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையை விட்டு இறங்கி, சத்தமில்லாமல் காருக்குப் பின்னால் நடந்து வந்தன. பதினேழிலோ பதினெட்டிலோ தூங்கிவிட்டேன். முழித்தபோது மல்லிகாவின் தோளில் எச்சில் ஒழுகக் கிடந்தேன். அவள் அதைத் துடைக்கக்கூட அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில் நேரம் வேறு விதமாக நடக்கிறது. சுவரில் கடிகாரம் இருக்கிறது, ஆனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. டோக்கன் எண் மாறும் பலகையைத்தான் பார்க்கிறார்கள். மின்விசிறிக் காற்றில் எல்லோருடைய மருந்துச்சீட்டுகளும் ஒரே சமயத்தில் மெல்ல எழும்பி அடங்கும். முருகேசன் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக அலைந்தான். திரும்பி வரும்போதெல்லாம் எனக்குக் கேட்காமல் மல்லிகாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். அட்டை செல்லும், கவலை வேண்டாம் என்பதுதான் அது என்று பிறகு தெரிந்தது. என்னிடம் அதைச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரப் பயம் மிச்சமாகியிருக்கும்.

ஓசூரில் இருக்கும் எங்கள் மகளுக்கு நிறைமாதம், அவளிடம் சொல்லாதே என்று மல்லிகாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்றாள். இரண்டு நிமிடத்தில் போனை என் காதில் வைத்தாள். "நைனா, ஏன் நைனா சொல்லல" என்று அந்தப் பக்கம் அழுகை. சொல்லாமல் இருப்பது நல்லது என்று நான் எப்போது, யாரிடம் கற்றேன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன்.

எக்கோ என்று ஒரு பரிசோதனை. நெஞ்சில் பசை தடவி ஒரு கருவியை வைத்து அழுத்துகிறார்கள். இதயம் அசைவது திரையில் தெரிகிறது. சத்தமும் கேட்கிறது. குளத்தில் யாரோ துணி அலசுகிற சத்தம். ஐம்பத்தெட்டு வருடமாக உள்ளே இது நடந்துகொண்டிருக்கிறது, ஒரு நாள்கூட இதற்கு நான் காது கொடுத்ததில்லையே என்று எனக்குத் துக்கமாக இருந்தது.

அடுத்தது ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு நாடியில் ஊசி குத்தி, அதன் வழியே இதயம்வரை மெல்லிய குழாயை அனுப்பி, சாய மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பது. ரத்தக் குழாயில் எங்கே அடைப்பு என்று அதில் தெரியும். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. மண்டியில் நெல் வாங்க வருகிறவர்கள் மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி நாலு மணி எடுத்துப் பார்ப்பார்கள். ஒரே இடத்தில் குத்திப் பார்த்து விலை சொல்கிறவனை நாங்கள் மதிப்பதில்லை.

"கையில ஒரே எடத்துல குத்திட்டு நெஞ்சு பூரா எப்டி சார் சொல்லுவீங்க? மூணு எடத்துலயாவது குத்த வேணாமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. குத்தூசி என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"குத்தறது ஒரு இடத்துலதான் ஐயா. ஆனா சாயம் எல்லாக் குழாய்லயும் ஓடும். நீங்களே பாருங்க" என்றார்.

பார்த்தேன். திரையில் என் இதயத்தின் குழாய்கள் இலை உதிர்ந்த மரத்தின் கிளைகளாக விரிந்தன. ஒரே ஓர் இடத்தில், பெரிய குழாயிலிருந்து ஒரு கிளை பிரிகிற இடத்தில், கிளை நூலாக மெலிந்து பிறகு மறுபடி தடித்தது. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாளும் அதன் வழியாகத்தான் நான் மூச்சு விட்டிருக்கிறேன்.

டாக்டர் என்னையும் மல்லிகாவையும் உட்காரவைத்து விளக்கினார். முடி அளவு கம்பி ஒன்றை மணிக்கட்டு வழியாக அடைப்பைத் தாண்டி அனுப்புவார்கள். அந்தக் கம்பியின் மேலேயே ஒரு மெல்லிய குழாய் போகும். அதன் நுனியில் நெல் மணியைவிடச் சற்று நீளமான ஒரு பலூன், மடித்த குடை போலச் சுருட்டி வைத்திருக்கும். அடைப்பு இருக்கும் இடத்தில் அதை விரித்தால் கொழுப்பு ஓரமாக ஒதுங்கி வழி விடும்.

"காத்தா சார் அடிப்பீங்க?"

"காத்து இல்லை. சாயம் கலந்த தண்ணி. அப்பத்தான் படத்துல தெரியும். தப்பித்தவறி உடைஞ்சாலும் ரத்தத்துல காத்து போகாது."

முதலில் வெறும் பலூன், பிறகு மருந்து பூசிய பலூன். இரண்டாவதை ஒரு நிமிடம் விரித்தபடியே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் மருந்து குழாயின் சுவரில் ஒட்டும், மறுபடி அடைக்காமல் காக்கும். கிளை பிரிகிற இடம் என்பதால் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைப்பது அங்கே தோதுப்படாது. பலூன் சரிவராவிட்டால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். இதைச் சொல்லும்போது டாக்டர் குரலை இறக்கினார். மல்லிகா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"பலூன் விரிஞ்சு இருக்கறப்ப ரத்தம் அந்தப் பக்கம் போகாது. அதனால வலி வரும். எவ்வளவு வலின்னு நீங்க எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும். அதுக்குத்தான் உங்களை முழுசா மயக்கமாட்டோம். தாங்க முடியலைன்னா உடனே சுருக்கிடுவேன்."

தலையாட்டினேன். மல்லிகா குறுக்கே பேசினாள். "டாக்டர், இந்தாளு சொல்லமாட்டாரு. தலதான் ஆட்டுவாரு. கைய வெட்டினாக்கூட பரவால்லம்பாரு. நீங்களா பாத்துக்கினாத்தான் உண்டு."

டாக்டர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாளே என்று. அன்று அவளோடு பேசவில்லை. அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. என் கால் நகத்தை வெட்டினாள், தலைக்கு எண்ணெய் தடவி வாரிவிட்டாள், பெண் பார்க்க அனுப்புகிற மாதிரி தயார் செய்தாள்.

மறுநாள் காலை சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள். கூரையில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு மேல் போயின. பழக்க தோஷம், எண்ணினேன். உள்ளே நல்ல குளிர். தலைக்கு மேலே யானைக் காது அளவுக்குப் பெரிய படக்கருவி வளைந்து வளைந்து வந்து எட்டிப் பார்த்தது. முகமூடி போட்ட நர்ஸ் ஒரு பெண் என் வலது கையைப் பலகையில் நீட்டிக் கட்டினாள். கண் மட்டும்தான் தெரிந்தது.

"எந்த ஊருப்பா?"

"செஞ்சி."

"நான் அவலூர்பேட்டைப்பா. பேரு சுகந்தி. இன்னா வேலை பண்றீங்க?"

"மண்டில எண்ணிக்கை சொல்றேன்."

அந்தக் கண்கள் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தன. பிறகு ஊசி போட வந்துவிட்டாள். ஊசிக்குப் பிறகு உடம்பு பஞ்சு மூட்டை ஆகிவிட்டது. தூக்கமும் இல்லை, முழிப்பும் இல்லை. குரல்கள் கிணற்றுக்கு வெளியே பேசுவதாகக் கேட்டன. கைக்குள் ஏதோ ஊர்ந்து போனது, வலிக்கவில்லை. "இப்ப பலூன் விரிக்கிறேன் ஐயா, வலிச்சா சொல்லுங்க" என்று டாக்டர் சொன்னது கேட்டது.

பயம் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, நல்ல பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு ஒன்றுதான் தெரியும். லாபம் என்று தொடங்கினேன்.

விளக்குகளுக்கு அப்பால் லாரிப் பலகை தெரிந்தது. ஆட்கள் வந்தார்கள். யாருக்கும் முகம் இல்லை. மூட்டைகளுக்குக் கனமே இல்லை. காலடிச் சத்தமும் இல்லை. புது நெல் வாசனை மட்டும் அந்தக் குளிர் அறை முழுக்க நிறைந்தது. ஏழு, எட்டு, ஒன்பது என்று ஒருவன் பின் ஒருவனாகப் பலகை ஏறி எனக்குள்ளேயே இறங்கிப் போனார்கள். எனக்கு அழுகை வரும் அளவுக்கு அது அழகாக இருந்தது. பத்தொன்பதாவது ஆள் பலகையில் ஏறி நின்றான். இறக்கவில்லை. அவன் தோளில் இருக்கும் மூட்டை என் நெஞ்சின் மேல் இருந்தது. நான் விடாமல், பத்தொம்பது, பத்தொம்பது, பத்தொம்பது என்றேன்.

"ஐயா, வலிக்குதா? தாங்க முடியுதா?" டாக்டர் கேட்டது நன்றாகவே என் காதில் விழுந்தது. பதில் சொல்ல நினைத்தேன். ஆனால் வாயில் எண் இருந்தது. பேசினால் எண்ணிக்கை போய்விடும். இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். அந்த நேரத்தில் எனக்கு உயிர்ப் பயம் இல்லை. பதினெட்டு மூட்டையை இறக்க வேண்டுமே, பாவம் அவர்கள் என்ற பயம்தான் இருந்தது. பத்தொம்பது என்றேன். தாடை இறுகியது. பலகையில் நின்ற ஆள் முருகேசனாக மாறினான். விளக்குகள் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கின.

அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். மயக்க ஊசியின் வேகத்தில் நான் ஏதோ முணுமுணுக்கிறேன் என்று டாக்டர் நினைத்திருக்கிறார். ஈசிஜி கோடு மாறியிருக்கிறது, பலூன் விரிந்திருக்கும்போது அது மாறத்தான் செய்யுமாம். வலி என்று நான் வாய் திறக்கவில்லை, அதனால் இன்னும் சில நொடிகள் வைத்துப் பார்க்கலாம் என்று இருந்திருக்கிறார். அப்போதுதான் சுகந்தி என் தலைமாட்டுக்கு வந்திருக்கிறாள்.

"டாக்டர், எண்ணிக்கை நின்னுடுச்சு. இவருக்கு முடியல. சுருக்கிடுங்க."

டாக்டர் கேள்வி கேட்கவில்லை, உடனே பலூனைச் சுருக்கினார். அதே நேரம் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியிருக்கிறது. மருந்து ஏற்றி, காத்திருந்து, என்னைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் கண் திறந்தபோது சுகந்தியின் கண்கள் எனக்கு நேர் மேலே தலைகீழாக இருந்தன.

"ஏம்பா வலிக்குதுன்னு சொல்லல?"

"எண்ணினு இருந்தேன்" என்றேன்.

"அது தெரியும். இப்ப மருந்து பலூன் வைக்கப் போறாங்க. ஒரு நிமிசம் தாங்கணும். எண்ணுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா வலிச்சா எண்ணு நிக்கணும். பொய்யா நவுத்தினு போவக்கூடாது. நின்னா நாங்க எறக்கிடுவோம். எறக்கறது எங்க வேலை, உங்களுக்கு இன்னா?"

எறக்கறது எங்க வேலை. அந்த வார்த்தை எங்கோ போய்த் தொட்டது. என் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. அவள் பஞ்சால் அதைத் துடைத்தாள். சரிம்மா என்றேன்.

மறுபடி லாபம் என்று தொடங்கினேன். இந்தத் தடவை குழாயில் வழி கொஞ்சம் திறந்திருந்ததாலோ, மருந்தாலோ, பாரம் மெதுவாகத்தான் வந்தது. இருபத்திரண்டில் தாடை இழுத்தது. பொய்யாக நகர்த்திவிடலாம் என்று ஆசை வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நெஞ்சைத் திறப்பார்களே என்ற நினைப்பு பின்னாலேயே நின்றது. ஆனால் வாக்குக் கொடுத்திருந்தேன். உண்மையாகவே தாங்க முடிகிறதா என்று ஒவ்வோர் எண்ணிலும் என்னையே கேட்டேன். முடிந்தது. நகர்ந்தேன். என் வாழ்க்கையில் என் உடம்பிடம் நான் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. சுகந்தியும் கூடவே மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டு குரலும் ஒன்றாகி, முகமில்லாத ஆட்கள் மறுபடி பலகை ஏற, ஐம்பத்தேழிலோ ஐம்பத்தெட்டிலோ, "போதும், பிரமாதம்" என்றார் டாக்டர். திரையைத் திருப்பிக் காட்டினார். நூல் இருந்த இடத்தில் கிளை இருந்தது.

அன்று பிற்பகல் முழுவதும் மணிக்கட்டில் கண்ணாடி வளையல் போல ஒரு பட்டை. அதற்குள் காற்று அடைத்து, ஊசி குத்திய இடத்தை அழுத்தி வைத்திருந்தார்கள். சுகந்தி வேலை முடிந்து வந்து, அந்தக் காற்றைச் சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். ஜன்னலில் வேப்பமரம் அசைந்தது. மல்லிகா இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்டிமா எண்ணிக்கை தெரியும்?" என்று கேட்டேன்.

"எங்க நைனா அவலூர்பேட்டைல மூட்ட தூக்கினவரு. சின்னதுல சோறு எடுத்துனு போவேன். எண்ணு ஓடறத கேட்டுனே வௌயாடினு இருப்பேன். ஒரு நாளு முப்பத்தாறு, முப்பத்தாறுன்னு அங்கயே நின்னுபோச்சு. எல்லாரும் ஓடினாங்க. எங்க நைனாதான் பலகைலேருந்து வுழுந்து கெடந்தாரு, மேல மூட்ட." சிரிஞ்சை வைத்துவிட்டுப் பட்டையைச் சரிபார்த்தாள். "பொழச்சிக்கினாரு. இடுப்பு போச்சு. அதுலேருந்து எண்ணு நின்னா ஓடிப்போயி பாத்துடுவேன்."

மல்லிகா இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னவை: ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. மெல்ல மெல்ல நடை. பீடி, சுருட்டு, புகையிலை எதுவும் ஆகாது. கடைசியாக, "வலி வந்தா என்ன வேலையில இருந்தாலும் நிறுத்திட்டு வாயைத் திறந்து சொல்லணும்" என்றார். மல்லிகா அந்தக் கடைசி வரியை அவரிடமே மறுபடி சொல்லச் சொல்லி, நான் கேட்டேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

மாசி, பங்குனி வீட்டிலேயே போயின. எங்களுக்குப் பேத்தி பிறந்தாள், போனில் பார்த்தேன். பகல் தூக்கத்தில் அடிக்கடி அந்தக் குளிர் அறையும் நெல் வாசனையும் வந்துபோயின. சித்திரையில் டாக்டர் அனுமதித்த பிறகு மண்டிக்குப் போனேன். முருகேசன் எனக்கு நாற்காலி போட்டிருந்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் உட்கார்ந்தேன்.

எழுபத்தொன்றாவது மூட்டையில் இடது தோளுக்குக் கீழே சுருக்கென்றது. எழுபத்தொண்ணு என்றேன். மறுபடி எழுபத்தொண்ணு. அடுத்த ஆள் மூட்டையை இறக்கிவிட்டான், நான் நகரவில்லை. வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு எண்ணை விட்டுவிட்டேன்.

"முருகேசா, வலிக்குது" என்றேன்.

இருபத்தாறு வருடத்தில் எண்ணிக்கைக்கு நடுவில் நானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. தோளில் இருந்த மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, பழைய தாளோடு ஒப்பிட்டு, ரத்தம் பார்த்து, அன்று முழுவதும் படுக்கவைத்தார்கள். ஒன்றுமில்லை. ஒருக்களித்துப் படுத்ததில் தோள் சதை பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இதுக்கா வெக்கம்? இன்னிக்குத்தான்யா நீ மனுசன்" என்றாள் மல்லிகா.

மறுநாள் காலை என்னைத் தனியாக அனுப்பாமல் அவளும் மண்டிக்கு வந்தாள். லாரி போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. பலகை சாத்தியபடியே நின்றது. உள்ளே ஒரு மூட்டைகூட இல்லை. அத்தனையும் தரையில் இறக்கி, வரிசையாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தியிருந்தது.

"எண்ணு தவறிப்போச்சு இல்ல" என்றான் முருகேசன். "எறக்கி வச்சிட்டோம். நீ வந்து சொன்னாத்தான ஏத்தறது?"

எட்டுப் பேரும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் ஆள் மூட்டையைத் தோளில் வாங்கிப் பலகையில் ஏறினான். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவன் மூட்டையோடு நின்று என்னைப் பார்த்தான்.

"லாபம்" என்றாள் மல்லிகா எனக்குப் பின்னாலிருந்து.

அவன் மூட்டையை இறக்கினான். ரெண்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.